ஒரு சாண் தாழ்ந்த கோடு

இப்போதெல்லாம் புயல் கரைக்கு வருவதற்கு முன்னாலேயே அதன் பெயர் செல்போனுக்கு வந்துவிடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் மரக்காணத்துப் புயல்களுக்குப் பெயர் கிடையாது. ‘கோயில் வேம்பு சாய்ந்த புயல்’, ‘அத்தை கல்யாணம் நின்ற புயல்’ என்று, அவரவருக்கு எது போனதோ அதை வைத்துச் சொல்வார்கள். போன முறை ஒரு புயல் எங்கள் ஊர் வழியாகவே ஏறிப்போனது. அதிலிருந்து டீக்கடையில் எந்தப் புயல் பெரியது என்று ஒரு வழக்கு நடக்கிறது, இன்னும் தீர்ப்பாகவில்லை. என் பிள்ளைகளும் என்னிடம் அதையே கேட்கிறார்கள். பிள்ளைகளே, இந்த வழக்கில் நான் ஒரு முறை பொய்ச்சாட்சி சொன்னவன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடிசைகளுக்கு எதிரே, உப்பளத்து ஓரத்தில், ஒரு செங்கல் குடோன் இருந்தது. மழைக்காலத்துக்கு உப்பு மூட்டைகளை அதில்தான் அடுக்குவார்கள். அதன் உள்சுவரில் தாரால் இழுத்த இரண்டு கோடுகள் உண்டு. மேல்கோடு, நான் பிறப்பதற்கு முன் வந்த புயலில் தண்ணீர் நின்ற மட்டம். அதை இழுத்தவர் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன். அதற்கு ஒரு சாண் கீழே இருந்தது, நான் ஒன்றாவது படிக்கும்போது வந்த புயலின் மட்டம். அதை இழுத்தவர் என் அப்பா. தண்ணீர் வடிந்ததும், சுவரில் ஈரத்தடம் காய்வதற்குள் கோடு போட்டுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

மதியம் உப்பள ஆட்கள் அந்தக் குடோனுக்குள்தான் சோறு தின்ன உட்காருவார்கள். தூக்குச்சட்டியைத் திறக்கும்போதே மாமா ஆரம்பித்துவிடுவார்.

“இன்னா மாப்ள, கோட்டப் பாத்தியா? என் புயலு மேல, உன் புயலு கீழ. உன்னுது என் புயலுக்குத் தங்கச்சி.”

“ஆமா மச்சான், தங்கச்சிதான். இருந்துட்டுப் போவட்டும்,” என்று அப்பா ஊறுகாயை நக்கிக்கொண்டே சிரிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும்.

ஏனென்றால் அந்தப் புயலை நான் பார்த்தவன். காலையிலேயே தண்ணீர் குடிசைக்குள் வந்துவிட்டது. செங்கல் கட்டடம் அது ஒன்றுதான் என்பதால், குடும்பம் குடும்பமாகக் குடோனுக்குள் ஓடி, மூட்டை அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில்தான் தெரிந்தது, நாங்கள் ஏறி உட்கார்ந்தது உப்பின் மேல் என்று. தண்ணீர் ஏற ஏற அடிமூட்டைகள் கரைந்தன. தண்ணீர் மேலே வந்தது. நாங்கள் கீழே போனோம். வாழ்நாளெல்லாம் உப்பு வாரிய அத்தனை பேரில் ஒருவருக்கும் இது முன்கூட்டித் தோன்றவில்லை.

அப்போது அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். “போவாத மாப்ள! அது உன் சொந்தப் பாத்திய்யா!” என்று மாமா கத்தினார். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை விட்டுவிட்டு, உப்பு விளையும் பாத்தியைப் பார்க்கப் போகிறாரே என்று நான் அழுதேன். வெகுநேரம் கழித்து, தண்ணீர் ஏறுவது நின்றது. அதன் பிறகுதான் அப்பா வந்தார். கண் புருவம் வரைக்கும் சேறு.

இப்படிப்பட்ட புயலைத் தங்கச்சி என்றால் பொறுக்குமா? அதுவும் மூன்றாவது வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் மாமாவின் மகன். “எங்கப்பா புயல்ல மாடு மெதந்துச்சுடா. உங்கப்பா புயல்ல இன்னா மெதந்துச்சு, கோழிக்குஞ்சா?” என்று வகுப்பே கேட்கும்படி கேட்டான். அன்றைக்கே முடிவு செய்தேன்: அப்பாவை ஜெயிக்க வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடோனில் யாரும் இல்லை. மூலையில் தார் டப்பா கிடந்தது. ஓட்டாஞ்சில்லால் அப்பாவின் கோட்டைச் சுரண்டினேன். பிறகு உப்புக்கூடையைக் கவிழ்த்து அதன் மேல் ஏறி, மாமாவின் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, தென்னை மட்டை நாரால் புதுக்கோடு இழுத்தேன். தார் நாலைந்து இடத்தில் ஒழுகியது. பரவாயில்லை, புயல் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் கையில் தார் முழுக்கப் போகவில்லை.

மறுநாள் மதிய இடைவேளையில், பள்ளிக்கூடத்திலிருந்து நேரே குடோனுக்கு ஓடினேன். மாமா தூக்குச்சட்டியைத் திறந்தார். வழக்கம்போலச் சுவரைப் பார்த்தார். திறந்த வாய் மூடவில்லை.

“ஏம்பா, ராத்திரி இன்னொரு புயலு வந்துட்டுப் போச்சா? எனக்கு மட்டும் சொல்லலியா?”

எல்லோரும் சிரித்தார்கள். மாமா என் கையைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரலிடுக்கெல்லாம் கறுப்பு.

“டேய் மருமவனே! உங்கப்பன் பாத்திய வெட்டி எறக்குன தண்ணிய, நீ ஒரு டப்பா தாருல ஏத்திட்டியேடா!”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அப்பா சோற்றுக் கையைக் கழுவிவிட்டு எழுந்தார். அடிக்கப் போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் கோட்டைச் சுரண்டி எடுத்தார். தன் பழைய கோட்டின் தடத்தைத் தடவிக் கண்டுபிடித்தார். நாரைத் தாரில் தோய்த்து என் கையில் கொடுத்து, என் கையைத் தன் கைக்குள் வைத்து இழுத்தார்.

“தண்ணி எங்க நின்னுச்சோ, அங்கதான்டா கோடு. ஒரு வெரக்கட கூட ஏத்தக் கூடாது.”

அவ்வளவுதான் சொன்னார். மாமா சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். “இப்பதான் சரியா கீது,” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

பிள்ளைகளே, எங்கள் குடிசைகளுக்கும் தண்ணீர் வடியும் கால்வாய்க்கும் நடுவில் கிடந்தவை எங்கள் இரண்டு பாத்திகள்தான். பாத்தித் தளம் என்பது, குடும்பமே வாரக்கணக்கில் களிமண்ணை மிதித்து மிதித்துச் சிமெண்ட் தரை போல ஆக்குவது. அப்பா அந்தப் பாத்திகளின் இரு பக்கக் கரையையும் வெட்டிவிட்டார். குடோனைச் சூழ்ந்த தண்ணீர் அதன் வழியாகப் பாய்ந்து கால்வாயில் விழுந்தது. தளத்தையும் பெயர்த்துக்கொண்டு போனது. மறு வருஷம் எங்களுக்குச் சொந்த உப்பு இல்லை. ஆனால் மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவரும் தண்ணீரோடு போகவில்லை. காற்றும் மழையும் பழைய புயலைவிட அதிகம் என்று மாமாவே பிற்பாடு சொல்லியிருக்கிறார். தண்ணீர் மட்டும் ஒரு சாண் குறைவு. அந்த ஒரு சாணும் என் அப்பாவின் வேலை.

மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் நேருக்கு நேர் புகழ்ந்துகொள்வது எங்கள் பக்கத்தில் கிடையாது, கேலிதான் உண்டு. மாமா நாள் தவறாமல் அத்தனை பேருக்கும் அந்தக் கீழ்க்கோட்டைக் காட்டிக்கொண்டிருந்தது அதனால்தான்.

அன்றைக்கு இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஊரே பார்க்க, அப்பா தன் தோல்வியைத் தன் கையாலேயே தாரில் எழுதிக்கொண்டார், அதற்கு என் கையையும் சேர்த்துக்கொண்டார் என்று நினைத்து, பள்ளிக்கூடம் வரைக்கும் அழுதுகொண்டே போனேன்.