நீலக் களிம்பு

உலகத்தில் மருந்து கண்டுபிடித்த மேதைகளையெல்லாம் வரிசையாக நிற்க வைத்தால், அவர்களைத் தள்ளிவிட்டு முதலில் போய் நிற்க வேண்டியவள் என் அத்தை. அவர்கள் இருக்கிற சாமான்களைக் கலக்கி இருக்கிற மருந்தைக் கண்டுபிடித்தவர்கள். என் அத்தை இல்லாத மருந்தைக் கண்டுபிடித்தவள். அந்த மருந்துக்கு டியூப் கிடையாது, மூடி கிடையாது, கெட்டுப்போகும் தேதி கிடையாது. ஆனாலும் எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அதைத் தேடி அலைந்திருக்கிறார்கள். பெயர் நீலக் களிம்பு. அத்தைக்கு ஒரு சிலை வைக்கலாம். வைத்தால் சேலைத் தலைப்பில் ஒரு கொத்து ஊக்கும் வைக்க வேண்டும். ஊக்கு இல்லாவிட்டால் அது யாரென்று ஒருத்தருக்கும் தெரியாது.

ஊர்க்கடைசியில் இருக்கும் சுகாதார நிலையத்துக்கு அத்தைதான் நர்ஸ். டாக்டர் எப்போதாவது வருவார். வந்தாலும் நாற்காலி சூடாவதற்குள் கிளம்பிவிடுவார். மற்றபடி ஊசி, கட்டு, பிரசவம், நாய்க்கடி எல்லாம் அத்தை பாடு. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடமும் நானும் சமாதானமாகப் பிரிந்துவிட்டதால், என் பகல்பொழுதும் அங்கேதான் கழியும். என் முழங்காலில் எப்போதும் ஒரு கட்டு இருக்கும். மரம், சுவர், ஓட்டுக்கூரை என்று நான் விழாத இடம் கிடையாது. ஆனால் இந்தக் கதையில் நான் ஒன்றும் செய்யவில்லை. திரைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததோடு சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரில் மாடி வீடுகளை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் மாடிப்படியில் விழுந்து அடிபட்ட பெண்களை எண்ண விரல் போதாது. படியே இல்லாத வீட்டுப் பெண்கள்கூடப் படியில் விழுவார்கள். கண்ணுக்குக் கீழே கறுத்து, உதடு கிழிந்து, காதோரம் வீங்கி வருவார்கள். கூடவே புருஷனும் வருவான். எவ்வளவு அக்கறை! கையைப் பிடித்து உட்காரவைப்பான், கேட்ட கேள்விக்கெல்லாம் அவனே பதில் சொல்வான். அவன் பக்கத்தில் நிற்கும் வரைக்கும் அவள் வாயிலிருந்து படிக்கட்டைத் தவிர வேறெதுவும் வராது.

அதற்குத்தான் களிம்பு. அத்தை காயத்தை அப்படியும் இப்படியும் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டுவாள். "இதுக்கு நீலக் களிம்பு போட்டாத்தான் ஆறும். இங்க ஸ்டாக் இல்ல. மெடிக்கல்ல போய்க் கேளுங்க, ஓடுங்க" என்பாள். அவன் ஓடுவான். கடைத்தெருவில் இருக்கும் மெடிக்கல் ஷாப்காரர் பெரிய தொப்பைக்காரர். நீலக் களிம்பு என்று யாராவது கேட்டால் போதும், அவர் உடம்பில் நடிகர் ஒருவர் குடியேறிவிடுவார். கண்ணாடியைத் துடைப்பார். ஸ்டூலில் ஏறுவார், இறங்குவார், வேறு ஸ்டூல் கேட்பார். "நேத்து வரைக்கும் இங்கதானே சார் இருந்துச்சு" என்பார். மொத்த வியாபாரிக்குப் போன் போட்டு அவர் வீட்டு நலம் முழுக்க விசாரிப்பார். கடைசியில் உதட்டைப் பிதுக்குவார்.

அந்த இடைவெளியில் அவளைப் பேசவைப்பதுதான் அத்தைக்கு உண்மையான வேலை. ஒருமுறை களிம்பின் பெயரை மாற்றிப் பார்த்தாள். மெடிக்கல்காரர் குழம்பிப்போய் நிஜமான மருந்து ஒன்றைப் பட்டென்று எடுத்துக்கொடுத்துவிட்டார். போனவன் போன சுருக்கில் திரும்பி வந்தான். அதிலிருந்து எல்லாருக்கும் ஒரே பெயர், நீலக் களிம்பு.

கேட்டுத் தெரிந்துகொண்டு என்ன செய்துவிட முடிந்தது என்றால், அதிகமில்லை. ஒருத்தியை அத்தை போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனாள். அங்கே புருஷனுக்கு நாற்காலி போட்டு டீ கொடுத்தார்கள், அவளுக்குப் புத்தி சொல்லி அனுப்பினார்கள். மகளிர் குழுத் தலைவியிடம் போய் நின்றாள். "குடும்ப விஷயம் சிஸ்டர், நாளைக்கு அவங்க ஒண்ணாயிடுவாங்க, நாமதான் கெட்டவங்களா நிப்போம்" என்று தலைவி கதவைச் சாத்தினாள். லாரி டிரைவர் பெண்டாட்டி ஒருத்தி மட்டும் துணிந்து பெரிய டவுனில் இருக்கும் பெண்கள் விடுதி வரைக்கும் போனாள். பையன் வளர்ந்துவிட்டான், அவனைச் சேர்க்க முடியாது என்றார்கள். பையனை விட்டுவிட்டு எந்த அம்மா இருப்பாள்? அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள்.

"அப்புறம் எதுக்கு அத்தை இந்தக் களிம்பு நாடகம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொஞ்ச நேரமாவது அவன் இல்லாத ரூம்ல உட்கார்ந்துட்டுப் போகட்டும்டி. ஃபேன் காத்து வாங்கட்டும்."

அத்தைக்கு இடது காது கேட்காது. சின்ன வயதில் காய்ச்சல் வந்ததாம். நானும் அதற்கு மேல் கேட்டதில்லை.

காஜா அக்கா வந்தது மழைக்கு முந்தின ஒரு காலையில். தையல்காரரின் மனைவி அவள். ஊரில் இருக்கிற பள்ளிச் சீருடை முழுவதுக்கும் காஜா எடுப்பதும் பட்டன் கட்டுவதும் அவள்தான், அதனால் அந்தப் பெயர். தையல்காரர் மரியாதையானவர். அதிர்ந்து பேசமாட்டார், என்னைப் போன்ற வாலுகளைக்கூட வாங்க போங்க என்றுதான் சொல்வார். மனைவியின் இடது மணிக்கட்டைக் குழந்தையைத் தூக்குவது போல ஏந்திக்கொண்டு வந்தார். எப்போதும் இடது கைதான். வலது கை காஜா எடுக்க வேண்டுமே.

அவர் களிம்புக்குப் போனதும் அத்தை ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"விழுந்துட்டேன் சிஸ்டர்."

"விழறவங்க கையை ஊனுவாங்க. உள்ளங்கையில ஒரு சிராய்ப்பாவது இருக்கும். அதோ பெஞ்சில இருக்கே ஒரு குரங்கு, அதோட கையைப் பாரு. அது விழுந்த கை. உன் கை மேல யாரோட விரலோ பதிஞ்சிருக்கு."

குரங்கு என்றது என்னைத்தான். காஜா அக்கா என் கையைப் பார்த்தாள், பிறகு தன் கையைப் பார்த்தாள். சத்தம் வராமல் அழுதாள். அதிலும் ஒரு பழக்கம் தெரிந்தது.

"அவரு நல்லவருதான் சிஸ்டர். கோவம் மட்டும்தான்."

"சரி. அந்தக் கோவத்துக்குக் கடையில வர்ற ஆளுங்க கையெல்லாம் ஏன் உடைய மாட்டேங்குது?"

அத்தை குரலைத் தாழ்த்தினாள். டவுன் விடுதியில் பெண் குழந்தை என்றால் சேர்ப்பார்கள், இவளுக்கு இருப்பதும் ஒரே பெண். பின்வாசலில் ஆட்டோ ஓட்டுகிற அக்காவை நிறுத்தி வைக்கலாம். ஏறி உட்கார்ந்தால் போதும், மற்றதை அத்தை பார்த்துக்கொள்வாள்.

"பொண்ணு ஸ்கூலுக்குப் போயிருக்கா சிஸ்டர். அடுத்த தடவை வரும்போது அவளையும் கூட்டிட்டு வந்துடறேன்."

அத்தை கண்ணை மூடித் திறந்தாள். ஊருக்குப் போவதையும் கல்யாணத்தையும் அடுத்த தடவை என்று தள்ளிவைப்பார்கள். அடியை அப்படித் தள்ளிவைத்துப் பேச எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மட்டும்தான் தெரியும்.

காரியம் கெட்டது சலூனில். சலூன் என் மாமாவுடையது, எங்கள் வீட்டுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சுவர்தான். கொத்தனார் ஒருவர் முகத்தில் சோப்பு நுரையோடு, "என் பெண்டாட்டிக்கு ஒரு நீலக் களிம்பு எழுதிக்கொடுத்தாங்கப்பா, தேடித் தேடிக் கால் தேஞ்சுபோச்சு" என்று ஆரம்பித்தார். "அட, எனக்கும் அதே களிம்பு" என்றார் பால்காரர். "எனக்குமா!" என்றார் மூன்றாவது ஆள். மூன்று பேர் பெண்டாட்டிக்கும் ஒரே களிம்பு எப்படித் தேவைப்பட்டது என்று அங்கே ஒருத்தரும் யோசிக்கவில்லை. மூன்று பேரையும் ஒரு பொம்பளை அலையவிட்டாளே என்பதுதான் அவர்கள் கோபம். அன்றைக்கு முடி வெட்ட உட்கார்ந்திருந்த நாலாவது ஆள் ஒன்றும் பேசவில்லை. அதிர்ந்து பேசாத ஆள்தானே.

நான் ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். சொல்லி என்ன? புது மருந்து ஒன்றைக் கண்டுபிடித்து, அதை மெடிக்கல்காரர் தொப்பைக்குள் இறக்குவதற்கு முன்னால், காஜா அக்கா வந்துவிட்டாள்.

மகளோடு வந்தாள், பின்னாலேயே தையல்காரரும். இந்தத் தடவை இடது தோள் வீங்கி, காலையும் நொண்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் பள்ளிக்கூடப் பை புத்தகம் வைத்தது போல இல்லை, தலையணை போலப் புடைத்திருந்தது. உள்ளே துணி. அத்தை பார்த்தாள், நானும் பார்த்தேன். அத்தை கண்ணைக் காட்ட, நிலையத்தைக் கூட்டிப் பெருக்குகிற அம்மா பின்பக்கம் போய் ஆட்டோ அக்காவுக்குப் போன் போட்டாள். அத்தை புதுப் பெயர் ஒன்றைச் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்து மேஜை மேல் வைத்தார். நீல மூடி.

"நீங்க கேப்பீங்கன்னு தெரியும் சிஸ்டர். டவுன் வரைக்கும் போய் வாங்கிட்டு வந்தேன். நீலமாத்தான் இருக்கு, பாருங்க."

"நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. பொம்பளைங்களைப் பார்க்கற இடம்."

"நான் அவ புருஷன்தானே சிஸ்டர். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல." ஸ்டூலைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அது குதிகால் வெடிப்புக்குப் போடும் களிம்பு. அத்தை அதைத்தான் காஜா அக்காவின் தோளில் தடவினாள். வேறென்ன செய்வாள்? காஜா அக்கா சுவரில் இருந்த தடுப்பூசிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது பின்வாசலில் ஹாரன் அடித்தது. குழந்தை பையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றது.

"யாருக்கு ஆட்டோ?" என்றார் தையல்காரர்.

"எனக்குத்தான். மார்க்கெட் போகணும்."

"நல்லதாப் போச்சு. எங்களை வழியில இறக்கிவிட்டுடுங்க. இவளால நடக்க முடியாது பாருங்க."

கதையில் இது மட்டும் நான் கட்டிவிட்டது போல இருக்கும், ஆனால் நடந்தது. தப்பிப்பதற்கு வந்த ஆட்டோவிலேயே காஜா அக்கா வீட்டுக்குப் போனாள். நடுவில் குழந்தை, அந்தப்பக்கம் தையல்காரர், முன்னால் டிரைவரோடு ஒட்டிக்கொண்டு அத்தை. ஆட்டோ அக்கா ஆத்திரத்தில் ஒரு பள்ளத்தையும் விடாமல் இறக்கி ஏற்றினாளாம். ஒவ்வொரு குலுக்கலுக்கும் காஜா அக்கா முனகியதைக் கேட்ட பிறகுதான் உறைத்ததாம். அதற்கப்புறம் ஆட்டோவை நத்தை மாதிரி ஓட்டினாளாம். அன்று இரண்டு தடவை அழுதாள் ஆட்டோ அக்கா. அத்தை அழவில்லை. வந்து கத்தரிக்கோலைக் கொதிநீரில் போட்டுவிட்டு, அது கொதிப்பதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதிலிருந்து தையல்காரர் கடைக்குப் போகும்போது வீட்டை வெளித்தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் போனார். தெருவே பார்த்தது. எதிர்வீட்டில் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்கள். அத்தை போய் ஜன்னல் பக்கம் நின்றாள். "தயவுசெஞ்சு வராதீங்க சிஸ்டர். நீங்க வந்துட்டுப் போனா அவருக்குத் தெரிஞ்சுடுது" என்று உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. அத்தை அப்புறம் போகவில்லை. மெடிக்கல்காரர் மட்டும் பழக்கதோஷத்தில் அவ்வப்போது ஸ்டூலில் ஏறி மேல்தட்டைத் தட்டிப் பார்ப்பார். களிம்பு கேட்டு அவரிடம் இப்போது ஒருத்தரும் வருவதில்லை. பெண்களும் குறைந்துவிட்டார்கள். அவர்கள் விழுவது குறையவில்லை, சுகாதார நிலையத்துக்கு வருவதுதான் குறைந்தது.

கதை இவ்வளவுதான். இங்கேயே முடித்திருப்பேன். நேற்றுக் கட்டு போட்டுக்கொள்ளப் போகாமல் இருந்திருந்தால்.

"எப்படிடி ஆச்சு?" அத்தை என் உள்ளங்கையை விரித்துப் பிடித்தாள்.

"விழுந்துட்டேன் அத்தை. மாமரத்துலேர்ந்து."

"ம்." பஞ்சால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே முகத்தைப் பார்க்காமல் பேசினாள். "மரத்துல விழுந்தா சிராய்க்கும். இது குத்தியிருக்கு. நடுவுல ஒரே ஓட்டை. ஸ்க்ரூடிரைவர் வழுக்கினா இப்படித்தான் இறங்கும். துரு வேற இருக்கு."

"மரத்துல ஆணி இருந்துச்சு."

"இதே பொய்யை உன்னைவிட நல்லா சொல்றவங்களையெல்லாம் பார்த்துட்டேன்டி நான். பாவாடைப் பையில என்ன? எடு."

எடுத்தேன். மூன்று திருகாணிகளும் ஒரு வெளித்தாழ்ப்பாளும். நாலாவது திருகாணிதான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தது, தாழ்ப்பாளைப் பிடுங்கி எடுப்பதற்குள் ஸ்க்ரூடிரைவர் வழுக்கிக் கையைக் குத்திவிட்டது.

அத்தை தாழ்ப்பாளை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கதவு திறந்துச்சா?"

"திறந்துச்சு."

"வந்தாளா?"

நான் தரையைப் பார்த்தேன். நல்ல காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு அத்தை காத்திருந்தாள்.

"கதவைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க அத்தை. அப்புறம் உள்ள போய்ச் சாத்திக்கிட்டாங்க."

அத்தை ஊசியை எடுத்தாள். "துரு ஆணி, டிடி போடணும்" என்று கையைப் பிடித்தவள், என் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னும் ஊசியே போடல. அதுக்குள்ள ஏண்டி அழறே?"