எர்த் கம்பியில் காய்ந்த வாளை

அன்று காலையில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: அம்மா, நிறைமாதமாக இருந்த அக்கா, நான். அப்பா இல்லை, தோணியில் கொழும்புக்குப் போயிருந்தார். எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்த வயர்மேன் அண்ணாச்சியும் இல்லை. ஆனால் அவர் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போன ஒரு பேச்சு இருந்தது. புறவாசலில் தலைக்கு மேலே ஓடிய எர்த் கம்பியில், உப்புநீர் சொட்டச் சொட்ட வாளை மீன்கள் தொங்கியது அந்தப் பேச்சை நம்பித்தான்.

திரேஸ்புரத்தில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்து நெடுநாள் ஆகியும் எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது. அம்மாவுக்குப் பயம். மழைநாளில் தெருக் கம்பத்தில் உரசிய ஆடு ஒன்று நின்ற நிலையிலேயே விறைத்து விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, மாப்பிள்ளை வீட்டார் வந்து நிற்கிற வீடு இருட்டாக இருக்கக் கூடாது என்று அப்பா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். விசாரித்ததில் இரண்டு பேர் கிடைத்தார்கள்.

முதலில் வந்தவர் டவுனுக்குள் கடை வைத்திருந்த எலெக்ட்ரீசியன். சிரிக்காத மனிதர். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கடற்காற்று கம்பியைத் தின்றுவிடும், வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லா இணைப்பையும் பிரித்துப் பார்க்க வேண்டும், எர்த் கம்பியை மூடித்தான் கொண்டுபோக வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாக, தண்ணீர் கொண்டுவந்த அக்காவிடம், “யாரையாவது கரண்டு புடிச்சுக்கிட்டா ஓடிப்போய்த் தொடாதம்மா. மொதல்ல மெயின எறக்கணும்” என்றார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் தெரு திரும்பியதும், “இவன் வெளக்குப் போட வந்தானா, எனக்குப் பொட்டி அடிக்க அளவெடுக்க வந்தானா?” என்றாள்.

இரண்டாவதாக வந்தவர்தான் வயர்மேன் அண்ணாச்சி. சாயர்புரம் பக்கத்துக்காரர். பகலில் துறைமுகத்தில் வேலை; சாயங்காலங்களில் வீட்டு வேலை எடுப்பார். கூலியில் இரண்டு பேருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அம்மா இவரை வைத்துக்கொண்டது இவர் சிரிக்கவைத்ததற்காக. ஏணியில் நின்றபடி மாப்பிள்ளை வீட்டாரைப் போலப் பேசிக் காட்டுவார். கம்பியில் கரண்டு வருகிறதா என்று புறங்கை விரலால் தட்டிப் பார்ப்பார். நான் பியூசி படிக்கிறவன் என்று தெரிந்ததும், “ஏலே காலேசு, உம் புஸ்தகத்துல கரண்டு படமாத்தான் இருக்கும். நான் அதுகூட பந்தியில உக்காந்து சாப்பிடுதவன்” என்றார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். அவர் சொன்னது உண்மை என்றே எனக்குத் தோன்றியது.

மீட்டர் பலகையிலிருந்து புறப்பட்ட எர்த் கம்பியை இறவாரத்து வழியாகக் கொண்டுவந்து, புறவாசலைக் குறுக்காகத் தாண்டவைத்து, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஈர மண்ணில் நட்ட குழாயில் முடுக்கினார். அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“அண்ணாச்சி, இந்தக் கம்பி இங்கன வெறுமனே தொங்குதே. புள்ளைக கை பட்டுட்டா?”

“யக்கா, இது எர்த்து. கெட்ட கரண்டெல்லாம் இதுவழியா மண்ணுக்குள்ள போயிரும். தொட்டா ஒண்ணுஞ் செய்யாது. வேணும்னா நீங்க கருவாடே காயப் போடுங்க!”

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். மின்சாரத்தைப் பற்றிய பேச்சில் அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்த பயத்தை அண்ணாச்சி தம் பையில் திருப்புளியோடு போட்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று இப்போது நினைக்கிறேன். கல்யாணம் முடிந்து வீடு அடங்கியதும் அம்மா அந்தக் கம்பியில் வாளையைத் தொங்கவிட ஆரம்பித்தாள். கயிறு என்றால் உப்பில் இற்றுப்போகும், கம்பி இறாது. பூனைக்கும் எட்டாது. மர மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் அவளுக்கே எட்டும். வருகிறவர்கள் பார்த்து முகம் சுளித்தால், “வயர்மேனே சொல்லியிருக்காரு” என்பாள். உப்புநீர் கம்பியோடு வழிந்து, குழாயில் முடுக்கிய இடத்தில் போய் நாள்தோறும் சொட்டியது.

அடுத்த வருடம் அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வெக்கை தாங்காது என்று, கப்பல் சாமான் விற்கும் கடையிலிருந்து அப்பா ஒரு பழைய மேசை விசிறி வாங்கி வைத்துவிட்டுத் தோணி ஏறினார். இரும்பு உடம்பு, நல்ல காற்று. சில நாள் கழித்து அக்கா, “யம்மா, பேன் சுருக்குன்னு கடிக்கி” என்றாள். “எர்த் இருக்குல்லா, ஒண்ணுஞ் செய்யாது” என்றாள் அம்மா. அதே நாட்களில் அம்மாவும் கருவாடு போட்டுவிட்டு வந்து கையை உதறிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை குறுகுறுக்கிறதாம். எங்கள் பெண்களுக்கு அது புதிதல்ல. வாளையின் பல்லும் முள்ளும் கீறிய கை. அதில் உப்பு ஏறினால் எரியத்தான் செய்யும். அவள் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள். விசிறி கடித்ததும் உப்பு எரிந்ததும் ஒன்றே என்று எங்கள் மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு முந்தின இரவு நல்ல மழை. காலையில் வெயில் பளீரென்று அடித்தது. விட்டால் மீன் நாறிவிடும் என்று அம்மா அவசரப்பட்டாள். மீன்பெட்டி கரைக்குப் போயிருந்தது. பெட்டி இல்லாததால் வெறுங்காலோடு, மழையில் நனைந்த துவைக்கிற கல்லின்மேல் ஏறி, எட்டிக் கம்பியைப் பிடித்தாள்.

அவள் கத்தவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சத்தம், ஆள் முனகுவதுபோல இல்லாத ஒரு சத்தம் வந்தது. புறவாசல் படியில் இருந்த நான் திரும்பிப் பார்த்தேன். கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. கம்பியில் முந்தின நாள் போட்டிருந்த வாளைகளும் சேர்ந்து நடுங்கின. கண் என்னைப் பார்த்தது, ஆனால் அதில் அம்மா இல்லை. நான் பாய்ந்தேன். அவளைத் தொட இரண்டு எட்டு இருக்கும்போது அறைக்குள்ளிருந்து அக்கா அலறினாள்: “தொடாதல! மெயின எறக்குலே, மெயின!”

என் கால் எப்படித் திரும்பியது என்று தெரியாது. முன்வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். புறவாசலில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. திரும்பி ஓடுகிற அந்தத் தூரத்தை நான் இன்னும் கனவில் ஓடுகிறேன். அம்மா கல்லுக்குக் கீழே கிடந்தாள். அறை வாசலில், விசிறிக்குப் பக்கத்தில் அக்கா நின்றாள். கரண்டு என்றதும் விசிறியை நிறுத்துவதற்காக நீட்டிய கை, அதன் இரும்புத் தண்டுக்கு அருகில் அப்படியே நின்றிருந்தது. நான் கொஞ்சம் பிந்தியிருந்தால் அந்தக் கையும், வயிற்றிலிருந்த பிள்ளையும்... அதற்கு மேல் என்னால் நினைக்க முடிந்ததில்லை.

“மாதாவே, மாதாவே” என்று அக்கா அம்மாவின் நெஞ்சைத் தேய்த்தாள். ஒரு பெரிய மூச்சு இழுத்து அம்மா கண்ணை விழித்தாள். உள்ளங்கையில் கம்பியின் தடம் வெள்ளையாக வெந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். வீடு திரும்பி முதலில் அவள் சொன்னது, “அந்தச் சிரிக்காத மனுசனக் கூட்டிட்டு வாலே.”

அவர் வருவதற்குள் செய்தி கேட்டு அண்ணாச்சியும் ஓடிவந்துவிட்டார். குழாயருகே குந்தி, கம்பி முடுக்கிய இடத்தை விரலால் தொட்டார். துரு பொலபொலவென்று உதிர்ந்தது. கம்பி மண்ணைவிட்டு எப்போதோ அறுபட்டிருந்தது. விசிறியிலிருந்து கசிந்த கரண்டு போக வழியில்லாமல் கம்பியிலேயே நின்றிருந்தது. “நான் சும்மா சிரிக்கச் சொன்னேன் யக்கா” என்றார். டவுன்காரர் வந்து வேலை முடிக்கும்வரை அவருக்கு ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார் அண்ணாச்சி. ஒரு வேடிக்கைப் பேச்சு இல்லை. ஏணியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். அந்தக் கைதான் கரண்டோடு பந்தியில் உட்கார்ந்த கை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் மழைக்கு முன்னால் அவர் தாமாகவே வருகிறார். எர்த் குழாயைத் தோண்டிப் பார்க்கிறார், கிளம்பும்போது, “பயந்துக்கிட்டே இருங்க யக்கா” என்று சொல்கிறார். எடுத்துக்கொண்டு போன பயத்தைத் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிற மாதிரி இருக்கும். நான் இப்போது உப்புக் கம்பெனியில் கணக்கெழுதுகிறேன். வாடகை அறையில் ஒரு விளக்கு மாட்ட ஆள் தேடினாலும், எதைத் தொட்டால் ஆபத்து என்றுதான் முதலில் கேட்கிறேன். எதுவுமில்லை என்று சிரிக்கிறவரை அனுப்பிவிடுகிறேன்.

போன ஞாயிறு வீட்டுக்குப் போயிருந்தேன். எர்த் கம்பி குழாய்க்குள் மூடி, சுவரோடு சுவராக இறங்குகிறது. அக்காவின் மகள் அதைக் காட்டி, “கடிக்கும்” என்றாள். வாளை கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது. அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் இன்னும் முழுதாக மடங்குவதில்லை. கட்டுப் போட்ட அந்தக் கையால்தான் அன்று டவுன்காரரின் கூலியை எண்ணிக் கொடுத்தாள். அண்ணாச்சி தாம் தருவதாக நீட்டிய பணத்தை அவள் வாங்கவில்லை. புதுக் கம்பி, கிளாம்பு, மூடு குழாய், கூலி எல்லாம் சேர்த்துப் பதினெட்டு ரூபாய் ஐம்பது பைசா.