மேலே ஆஸ்டின், கீழே வாழையிலை

குப்புராஜை நம்ப வைப்பதைவிட சித்திரை மாதத்தில் ஆரணியில் ஓடுகிற ஆற்றில் வெள்ளம் வரவழைப்பது சுலபம் என்று அவன் பெண்சாதி சின்னபொண்ணு சொல்வாள். பொய்யில்லை. பால்காரர் கண்ணெதிரில் கறந்து கொடுத்தாலும் ஒரு சொட்டை நகத்தில் வழியவிட்டுப் பார்த்த பிறகுதான் சொம்பை உள்ளே கொண்டு போவான். கண்டக்டர் தொண்டை கிழிய 'வந்தவாசி, வந்தவாசி' என்று கூவிக்கொண்டு நிற்பார், இவன் டிரைவரிடம் போய் "இது வந்தவாசி போவுதாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுவான். அவனும் ஒரு டிரைவர் என்பதால் அடிக்காமல் விட்டார்கள்.

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவனுடைய அண்ணன் அய்யனார் செய்யாறு ரோட்டில் ஒரு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவன். "ஜாக்கி புதுசுடா, பயப்படாம உள்ள பூரு" என்று பட்டறைக்காரன் சொன்னான். அய்யனார் லாரிக்கு அடியில் பூந்தான். ஜாக்கி சறுக்கியது. அண்ணனை வெளியே இழுத்தவர்களில் குப்புராஜும் ஒருவன். அதற்குப் பிறகு ஒரு மனிதன் 'பயப்படாதே' என்று சொன்னால் இவன் இரண்டடி பின்னால் போய்விடுவான்.

அப்பேர்ப்பட்டவன் உலகத்தில் ஒரே ஒருத்தரை மட்டும் சோதிக்காமல் நம்பினான். அவர் பட்டுக்கடை முதலாளி சக்கரவர்த்தி. அண்ணன் செத்த வருஷம் இவனைக் கூப்பிட்டு வண்டி ஓட்ட வைத்துக்கொண்டவர் அவர். இவன் கல்யாணத்துக்கு, கடையில் மாட்டி வைத்திருந்த மாம்பழக் கலர் பட்டுச் சேலையை எடுத்துக் கொடுத்து, "உன் பொண்டாட்டி கட்டட்டும்" என்றவரும் அவரே. ஆரணியில் பிறந்தும் பட்டு கட்டாமலே செத்துப்போனவள் குப்புராஜின் அம்மா. அந்தச் சேலையை அவன் மறப்பானா? முதலாளி கிழக்கு என்றால் கிழக்கு, மேற்கு என்றால் மேற்கு.

முதலாளியிடம் இரண்டு பழைய கார்கள் இருந்தன. ஒன்று அவர் அப்பா வாங்கிய கறுப்பு ஆஸ்டின். விசேஷ நாளில் மட்டும் வெளியே வரும். இன்னொன்று பச்சை மோரிஸ் மைனர். எண்பத்திரண்டாம் வருஷம் ஆற்காட்டில் ஒரு டாக்டர் வீட்டில் ஏலத்துக்கு வந்ததைப் பார்த்து மனசு கேட்காமல் வாங்கினார். தினமும் கடைக்கு அதில்தான் போவார். வாங்கிவிட்டார், நிறுத்த இடம் வேண்டுமே. வீட்டை ஒட்டிய ஷெட்டில் ஒரு வண்டிதான் நிற்கும். தெருவில் நிறுத்தலாம் என்றால் காலையில் நெசவுக்காரர்கள் தறிக்குப் போகிற பட்டு நூலைத் தெரு நீளத்துக்குப் பாவாக விரித்து நீவிக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் அங்கே ஆட்டுக்குட்டி வந்தாலே அடிதடி, காரை நிறுத்தினால் கொலைதான். ஆகவே ஒரு வண்டியை மேலே தூக்கி வைத்து, இன்னொன்றைக் கீழே விடுகிற லிஃப்ட் வாங்குவது என்று முதலாளி முடிவெடுத்தார்.

"அண்ணாந்து பாத்துகினு வண்டி எடுக்கற பொழப்பா?" என்றாள் சின்னபொண்ணு.

குப்புராஜும் அன்றிரவு சரியாகச் சாப்பிடவில்லை. மேலே ஒரு ஆஸ்டின், கீழே அவன். தினமும் காலையில் ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை அதன் அடியில் போய் வரவேண்டும். முதலாளியே சொல்லிவிட்டார், லிஃப்டை நீயே பார்த்துத் தேர்ந்தெடு என்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இது தலைக்கு மேல் போடுகிற விஷயம்.

முதலில் வேலூரிலிருந்து ஓர் ஆள் வந்தார். மூடிப்போன சர்வீஸ் ஸ்டேஷனில் கழற்றிய லிஃப்ட் ஒன்று இருக்கிறது, வண்டி கழுவ ஏற்றுவார்களே அதே மாதிரி, சல்லிசாக முடித்துத் தருகிறேன் என்றார். அதற்கு நடுவில் ஒரே ஒரு தூண்.

"தூணு நடுவுல நின்னா கீழ் வண்டி எங்கங்க நிக்கும்? தூண் மேலயா?" என்றான் குப்புராஜ். அவர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்தது மெட்ராஸ். தசரதன் என்ற விற்பனைக்காரர் வழவழ தாளில் படம் அனுப்பியிருந்தார். நான்கு தூண், எண்ணெய் அழுத்தத்தில் தூக்குவது. முதலாளியும் குப்புராஜும் நேரில் பார்க்கப் புறப்பட்டார்கள். போகும்போது குப்புராஜ் ஒரு வாழையிலைச் சுருளும் புளிச்சோறு கட்டிய தூக்கும் எடுத்துக்கொண்டான். வழியில் சாப்பிடத்தான் என்று முதலாளி நினைத்துக்கொண்டார். அங்கே போனதும் லிஃப்டில் ஓர் அம்பாசிடரை ஏற்றிக் காட்டினார்கள். குப்புராஜ் நேராக அதற்கு அடியில் போய் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்து, புளிச்சோற்றை வைத்துவிட்டு வெளியே வந்தான்.

"உக்காந்து சாப்பிடுங்க சார்."

தசரதன் இலையைப் பார்த்தார், அம்பாசிடரைப் பார்த்தார். "இன்னிக்கி சனிக்கிழமைப்பா. நான் விரதம்" என்றார்.

"அப்ப நாங்க ஞாயித்துக்கிழமை வரோம்" என்று குப்புராஜ் இலையை மடித்தான். திரும்பி வரும் வழியெல்லாம் முதலாளிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "உன்ன மாதிரி ஒருத்தன் கூட இருந்தா எனக்கு எமனே பயப்படுவான்டா" என்று முதுகில் தட்டினார். குப்புராஜுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது ஆள் ராணிப்பேட்டையில் லேத்துப் பட்டறை வைத்திருந்த மாணிக்கவேல். அவன் செய்து வைத்திருந்ததும் நான்கு தூண் லிஃப்ட்தான். ஆனால் எண்ணெய் கிடையாது. ஒவ்வொரு தூணிலும் ஆள் உயரத்துக்குக் கனமான திருகு. மோட்டார் சுற்றினால் வண்டி ஏறும், கரண்டு போனால் நின்ற இடத்தில் நிற்கும். எண்ணெய் கசியும், திருகு தானாகக் கழலாது என்பது குப்புராஜுக்கே தெரியும். இருந்தாலும் இலையை விரித்தான். மாணிக்கவேல் எதுவும் கேட்காமல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தலைக்கு மேல் ஒரு ஜீப்பு தொங்க, சோறு முழுவதையும் தின்று, "ஊறுகா இல்லியா டிரைவரண்ணே?" என்றான்.

இவ்வளவு துணிச்சல் ஒருத்தனுக்கு எதற்கு என்று குப்புராஜுக்கு அதிலும் ஒரு சந்தேகம். ஆனாலும் சோதனையில் தேறியவனை என்ன சொல்லித் தள்ளுவது? மாணிக்கவேலே செய்வது என்று முடிவாயிற்று.

அளவெடுக்க வந்த மாணிக்கவேல் ஷெட்டின் சிவப்புச் சிமெண்டுத் தரையில் ஒரு மூலையில் நின்று குதிகாலால் ஓங்கி உதைத்தான். இன்னொரு மூலைக்குப் போய் உதைத்தான். முகம் சுருங்கியது.

"முன்ன இங்க இன்னா இருந்துது?"

"தறி. குழித்தறி போட்டிருந்தோம்" என்றார் வாசலில் நின்றிருந்த முதலாளி. "தறிகாரங்க வீட்டுக்கே தறிய மாத்தினப்புறம் குழிய மூடிட்டேன். எல்லாம் கருங்கல் ஜல்லி. யானை நின்னாலும் தாங்கும்."

"சத்தம் பொத்துனு வருதுங்க. ஒரு மூலைய ஒடச்சுப் பாத்துட்டு, தூணுக்குத் தூணு காங்கிரீட் போட்டுக்கலாம்."

"வழவழன்னு போட்ட தரைய ஒடைக்கறதாவது. நான் நின்னு போட்டது, எனக்குத் தெரியாதா?"

மாணிக்கவேல் குப்புராஜைப் பார்த்தான். "நீ இன்னா சொல்ற டிரைவரண்ணே? கீழ பூரப் போறவன் நீதான்."

குப்புராஜின் மூளை வழக்கம்போல வேலை செய்தது. ஆனால் தப்பான பக்கம் பார்த்து. மாணிக்கவேல் கூலியை ஏற்றப் பார்க்கிறான் என்று தோன்றியது. "முதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். உயிர் போகிற விஷயத்தில் அவன் மோந்து பார்க்காமல் விழுங்கிய வார்த்தை அது ஒன்றுதான். யானைக்கும் அடி சறுக்கும்.

"தரைக்கு மேல இருக்கறதுக்குத்தான் நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு மாணிக்கவேல் தூண்களை நட்டுக் கொடுத்துப் போனான்.

ஆடி மாதம் ஆஸ்டின் மேலே ஏறியது. தெருவே வந்து வேடிக்கை பார்த்தது. அன்று முதல் குப்புராஜ் காலையில் கதவைத் திறந்ததும் உடனே உள்ளே போகமாட்டான். குந்தி உட்கார்ந்து, ஆஸ்டினின் இரண்டு ஹெட்லைட்டும் சம மட்டமாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான். பிறகு திருகுகளைத் தொட்டுப் பார்ப்பான். அதற்குப் பிறகுதான் மோரிஸை வெளியே எடுப்பான். முதலாளி வாசலோடு நின்றுகொள்வார். கிரீஸ் வாடை அவருக்கு ஆகாது என்று குப்புராஜ் நினைத்தான். வெள்ளை வேட்டிக்காரர், சட்டை அழுக்காகும் என்றும் நினைத்தான். ஊரில் ஒருத்தர் விடாமல் சந்தேகப்பட்டவனுக்கு, அவர் ஏன் ஒரு நாள்கூட உள்ளே கால் வைக்கவில்லை என்று கேட்கத் தோன்றவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்த மழையில் ஷெட் சுவரெல்லாம் ஓதம் ஏறியது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை குப்புராஜ் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடினான். ஆஸ்டினின் இடது ஹெட்லைட் இறங்கியிருந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். இறங்கித்தான் இருந்தது. இடது பக்கத்து முன்தூணைச் சுற்றித் தரை வட்டமாக வெடித்திருந்தது.

வெளியே நின்றபடியே ஒரு நீளக் கம்பியை நீட்டி அந்த வெடிப்பில் குத்தினான். கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது. இழுத்துப் பார்த்தால் நுனியில் கருகருவென்று ஈரச் சேறு. விரலில் தேய்த்து மோந்து பார்த்தான். கல்லும் இல்லை, ஜல்லியும் இல்லை. உமிச்சாம்பல். ஆரணியில் எந்த ரைஸ் மில்லில் கேட்டாலும் வண்டி வண்டியாக, அள்ளிக்கொண்டு போனால் போதும் என்று கொடுப்பார்களே, அது.

ஆடியிலிருந்து தினமும் இரண்டு வேளை இதன்மேல் நின்ற ஆஸ்டினுக்கு அடியில் போய் வந்திருக்கிறோம் என்று நினைத்ததும் அவன் கம்பியைப் போட்டுவிட்டுச் சேறு படிந்த கையை வேட்டியில் துடைத்தான். அய்யனாரை இழுத்த கை.

விஷயம் கேட்டு முதலாளி வந்தார். வாசலோடு நின்றார்.

"முதலாளி, இது உமிச்சாம்பலு."

"அந்தக் காலத்துல எல்லாரும் அதத்தான்டா போட்டாங்க. மேல கெட்டிச் சிமிட்டி இருக்குதில்ல. இத்தினி நாளா ஒண்ணும் ஆவலியே."

"ஜல்லின்னு சொன்னீங்களே."

முதலாளியின் கண் பச்சை மோரிஸ் மேலேயே இருந்தது. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். கீழ் வண்டி வெளிய வந்தாத்தான் மேல இருக்கறத இறக்க முடியும். தூணு இன்னும் சாயறதுக்குள்ள ஜல்தியா போயி எடுத்துடு. ஒரு நிமிஷ வேலை. பயப்படாதே, நான் இங்கதான் நிக்கறேன்."

பயப்படாதே. பட்டறைக்காரன் அய்யனாரிடம் சொன்ன அதே சொல். குப்புராஜுக்குக் கோபம்கூட வரவில்லை, அழுகைதான் வந்தது. அதை விழுங்கிவிட்டுக் கொல்லைக்குப் போனான். வாழையில் ஒரு நுனியிலை அறுத்து வந்தான். மோரிஸுக்கு முன்னால், ஆஸ்டினுக்குக் கீழே விளிம்போரமாகக் கையை எட்டி அந்த இலையை விரித்தான். தண்ணீர் தெளித்தான். சின்னபொண்ணு கட்டிக் கொடுத்திருந்த தயிர்சோற்றை அதில் வைத்தான்.

"வாங்க முதலாளி. உக்காந்து ரெண்டு வாய் சாப்பிடுங்க. நீங்க கை கழுவினதும் நான் வண்டிய எடுக்கறேன்."

முதலாளி இலையைப் பார்த்தார். மேலே பார்த்தார். மழைத் தூறல் அவர் தோளை நனைத்துக்கொண்டிருந்தது. அப்படியும் உள்ளே ஓர் அடி வைக்கவில்லை.

"எனக்கு இன்னிக்கி விரதம், குப்பு" என்றார்.

அவர் சட்டையில் காலையில் தின்ற இட்லியின் சாம்பார்த் துளி இன்னும் காயவில்லை. குப்புராஜ் அதைப் பார்த்தான். பிறகு மோரிஸின் சாவியை மடியிலிருந்து எடுத்து, குனிந்து, இலையில் உப்பு வைக்கிற ஓரத்தில் வைத்தான். காலித் தூக்கை எடுத்துக்கொண்டு, முதலாளியைத் தாண்டி, பாவு விரிக்காத ஈரத் தெருவில் இறங்கி வீட்டுக்கு நடந்தான்.