நாலு விளக்கும் சாம்பல் நிறம்

மாதுங்காவில் பஞ்சுவிடம் வாயைக் கொடுத்துவிட்டுத் தப்பியவர்கள் குறைவு. ரயில்வேயில் தொலைந்துபோன பார்சல்களுக்கு நஷ்டஈடு கேட்டு வருகிறவர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த மனிதர். காய்கறி விற்கிற வடக்கத்திப் பையா "நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டுப் போனால், மறுநாள் கிங்ஸ் சர்க்கிள் வரை தேடிப்போய் அவன் கூடைக்கு முன்னால் நிற்பார். சொன்னது சொன்னதுதான். சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்ற பேச்சே அவரிடம் எடுபடாது. ரிட்டையரான பிறகு இந்தக் குணம் இன்னும் முற்றிப்போயிற்று. அவர் படியிறங்கும் சத்தம் கேட்டால் கட்டடத்தில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடமிருந்தும் ஒருவன் வருஷக்கணக்காகத் தப்பித்து வந்தான். அவருடைய ஒரே பிள்ளை நாணு. அமெரிக்காவுக்கு எஞ்சினியரிங் படிக்கப் போனவன், படிப்பு முடிந்து வேலையும் கிடைத்த பிறகு ஊர்ப்பக்கம் தலைகாட்டவே இல்லை. எப்போது கேட்டாலும் "பார்க்கலாம்பா" என்பான். வருகிறேன் என்றால் பிடித்துக்கொள்ளலாம், வரவில்லை என்றால் சண்டை போடலாம். பார்க்கலாம் என்பதை வைத்துக்கொண்டு என்ன வழக்காட முடியும்?

எண்பத்து நாலாம் வருஷம் நாணு ஒரு சிநேகிதன் கையில் பெட்டி ஒன்று கொடுத்தனுப்பினான். டிவியில் செருகி ஆடுகிற வீடியோ கேம். நாலு நாள் கழித்துக் கீழ்வீட்டு டாக்டரின் போனில் கூப்பிட்டான்.

"பொழுதே போகலைன்னேளே அப்பா, அதுக்குத்தான். கூட ஒரு கேம் வெச்சிருக்கேன். ராஜகுமாரன் கோட்டைக்குள்ளே போற கதை."

"பொழுது கிடக்கட்டும். நீ எப்போ வரே?"

நாணு சிரித்தான். "அதை முழுக்க ஆடி முடியுங்கோ, அடுத்த பிளேன்ல வந்து நிக்கறேன்."

"வாக்குதானே?"

"வாக்குதான், வாக்குதான்!"

பஞ்சு சிரிக்கவில்லை. மாட்டிக்கொண்டானா பயல்! மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறிப் போய், "அபயம், வரேன்னுட்டான்!" என்று கத்தினார். அவர் மனைவி அபயாம்பாள் விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு, "நன்னாயிருக்கு போங்கோ" என்று சமையலறைக்குள் போய்விட்டாள். பாவம், பிள்ளை முகத்தைப் பார்க்காமல் ஏங்கிப் போயிருக்கிறாள், இவளுக்காகவாவது முடித்தாக வேண்டும் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார்.

அமெரிக்கப் பெட்டி நம் ஊர்க் கரண்டில் ஓடுமா? தாராவியில் ரேடியோ ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் கரீம் பாட்சா வந்து ஒரு டிரான்ஸ்பார்மரை மாட்டினார். டிவியில் படம் உருண்டு உருண்டு ஓடியது. அதைத் திருகி இதைத் திருகி ஒருவழியாக நிறுத்தினார்.

"படம் நிக்குதுல்லா சார்? சத்தம் வராது. நம்மால இம்புட்டுத்தான் முடியும்."

கேமின் மேலட்டையில் நிலவொளியில் கோட்டை, பாயும் சிங்கம், வாளோடு ராஜகுமாரன். டிவியில் வந்தது ஒரு கட்டம். வெறும் கட்டம். அது நகர்ந்தது.

"இதுவா ராஜகுமாரன்?" என்றாள் அபயாம்பாள்.

"ஆமாங்கறேன்."

"கை காலெல்லாம் எங்கே?"

பஞ்சுவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவருக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

கோட்டைக்குள் கோட்டையாகப் பத்துக் கோட்டை, ஒவ்வொன்றுக்கும் நாலு கதவு. வெளியே நாலு விளக்கு. சரியான விளக்கை எடுத்துக்கொண்டு சரியான கதவுக்குப் போனால் திறக்கும். தவறினால் குழி. குழியில் விழுந்தால் முதலிலிருந்து. விளக்கும் கதவும் ஒவ்வொரு தடவையும் இடம் மாறிவிடும் என்பதால் மனப்பாடம் செய்தும் பிரயோஜனமில்லை. கேமோடு வந்த சின்னப் புத்தகத்தைப் பஞ்சு ரயில்வே ரூல்ஸ் படிப்பதுபோலக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். விளக்கின் நிறமும் கதவின் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. அவர் வீட்டு டிவியோ கறுப்பு வெள்ளை. நாலு விளக்கும் சாம்பல் நிறம். நாலு கதவும் சாம்பல் நிறம்.

மனிதர் விடுவாரா? குருட்டாம்போக்கில் ஆடினார். மாசக்கணக்கில் ஆடினார். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு கதவு திறக்கும், மூன்றாவதில் தொப்பென்று விழுவார். "சனியனே, குழியில விழறதுக்குன்னே பொறந்தியா!" என்று கட்டத்தைத் திட்டுவார். கட்டைவிரல் வீங்கி, சாதம் பிசையவே வலித்தது. உள்ளதைச் சொன்னால் அது உருப்படாத கேம். சிங்கமும் கிடையாது, வாளும் கிடையாது, நாலு கதவுக்கும் நாலு குழிக்கும் நடுவே ஒரு கட்டம் அல்லாடுவதைத் தவிர அதில் ஒன்றுமே இல்லை. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே பரணில் தூக்கிப் போட்டிருப்பார்கள்.

அப்போதுதான் செம்பூரில் இருக்கும் பழைய ஆபீஸ் சிநேகிதர் மகாதேவன் கலர் டிவி வாங்கினார். பஞ்சுவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பெட்டியையும் டிரான்ஸ்பார்மரையும் பையில் போட்டுக்கொண்டு, அபயாம்பாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்கப் பேச்சுதான். நாணுவுக்குக் கட்டிலை ஜன்னலோரம் போட வேண்டும், விமான நிலையத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே போய்விட வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள்.

மகாதேவன் காபி கொடுத்து உபசரித்தார். பெட்டியைச் செருகினார்கள். படம் வந்தது. சாம்பல் நிறம்.

கலர் குமிழைக் கடைசி வரை திருகிப் பார்த்தார்கள். சாம்பல்.

"அரே, என் டிவில தப்பில்லேப்பா!" என்று மகாதேவன் வயரைப் பிடுங்கினார். தூர்தர்ஷனில் யாரோ ஒருத்தி மஞ்சள் புடவையில் பாடிக்கொண்டிருந்தாள். என்ன மஞ்சள்! மறுபடி வயரைச் செருகினால் அதே சாம்பல் கட்டம். அமெரிக்கா டிவிக்குக் கலர் கொடுக்கிற முறை வேறு, நம் ஊர் முறை வேறு. அங்கே வாங்கிய பெட்டி இந்த ஊரில் எந்த டிவியிலும் கலர் காட்டாது. எஞ்சினியர் பிள்ளைக்கு இது தெரியாதா? தெரியும். நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"விட்டுத்தள்ளு பஞ்சு. கேவலம் ஒரு விளையாட்டு" என்றார் மகாதேவன்.

"விளையாட்டில்லே" என்றார் பஞ்சு. வயரைச் சுருட்ட அவருக்குக் கை வரவில்லை. அபயாம்பாள்தான் சுருட்டிப் பையில் வைத்தாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் டாக்டர் வீட்டிலிருந்து கூப்பிட்டார்கள், நாணு லைனில் இருக்கிறான் என்று. ஆயுசுக்கும் பொய் சொல்லாத பஞ்சு, ரிசீவரை வாங்கியதும் சொன்னார்:

"முடிச்சுட்டேன்டா."

"எதைப்பா?"

"அந்தக் கேமைத்தான். முழுக்க முடிச்சாச்சு."

"அதையா ஆடிண்டிருந்தேள்! ஐயோ அப்பா, அதை இங்கே ஒருத்தரும் வாங்கலை. கடை வாசல்ல குப்பையாக் கொட்டி வெச்சிருந்தான். மெஷின் வாங்கினா அது சும்மா."

"வாக்கு கொடுத்தியேடா."

பஞ்சு ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"என்ன வாக்குப்பா?" என்றான் நாணு. பிறகு, "நான் இங்கே வீடு வாங்கிட்டேன். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றான்.

"பேஷ்" என்றார் பஞ்சு. "நல்ல வீடா?"

"நல்ல வீடுப்பா. பின்னால தோட்டம் கூட இருக்கு."

மாடிப்படி ஏறும்போது என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்துக்கொண்டே ஏறினார். லீவு கிடைக்கவில்லை என்று சொல்லலாம். அடுத்த வருஷம் என்று சொல்லலாம். அபயாம்பாள் வாசலிலேயே நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவரால் எதையும் ஜோடிக்க முடியவில்லை.

"வரமாட்டான், அபயம்."

விழுந்துவிடுவாளோ என்று பயந்து, தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டினார். அவள் அப்படியேதான் நின்றாள்.

"அவன் போன அன்னிக்கே நேக்குத் தெரியும்" என்றாள். "நீங்கதான் நம்பிண்டிருந்தேள். எதுக்குக் கெடுக்கணும்னு சும்மா இருந்தேன்."

பஞ்சு வாசல் என்றும் பாராமல், குழந்தை மாதிரி அழுதார். நீட்டியிருந்த அவர் கையைப் பிடித்து அபயாம்பாள் உள்ளே கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.