மற்றச் சீட்டு

இந்த நாட்டு வானொலி காலையில், "இன்று மழை பெய்ய நாற்பது வீத வாய்ப்பு" என்று சொல்லும். ரொறன்ரோவுக்கு வந்து ஆறு வருடமாகியும், அந்த நாற்பது வீதத்தை வைத்துக்கொண்டு பிள்ளைக்கு மழைக்கோட்டு போடுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டு போனால் வெயில் எறிக்கிறது. வீட்டில் விட்டுவிட்டுப் போனால் பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் நனைகிறோம். எது நடந்தாலும் வானொலி சொன்னது பிழையில்லை என்கிறார் என் கணவர். பிழையாகவே முடியாத ஒன்றை எதற்காகத் தினமும் சொல்கிறார்கள் என்று கேட்டேன். "நீர்தானே கணக்கு ரீச்சர், நீர் சொல்லும்" என்றார்.

உண்மைதான். ஊரில் பத்தாம் வகுப்புக்கு நிகழ்தகவு படிப்பித்தவள் நான். நாணயத்தைச் சுண்டினால் தலை விழ அரைவாசி வாய்ப்பு. பைக்குள் சிவப்புப் பந்தும் வெள்ளைப் பந்தும் கிடந்தால் கண்ணை மூடிக்கொண்டு எதை எடுப்போம் என்றெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போடுவேன். சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஒருநாள் கடைசி வாங்கிலிருந்த பிள்ளை எழும்பி, "ரீச்சர், அப்ப ஷெல் எங்க விழுமெண்டும் இப்பிடிப் பாக்கலாமோ?" என்று கேட்டாள். வகுப்பு முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு கரும்பலகையைத் துடைக்கத் தொடங்கினேன். அவளுக்கு ஏதாவது பதில் சொன்னேனா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். சொன்னதாக ஞாபகம் இல்லை.

போன கோடையில் எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மென்றுக்குள் ரென்னிஸ் நுழைந்தது. என் கணவர் வேலை செய்யும் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் ஹரி என்றொருவர் இருக்கிறார். கயானாக்காரர். பார்த்தால் எங்கள் ஆள் போலவே இருப்பார், ஒரு சொல் தமிழ் தெரியாது. சாப்பாட்டறையில் அவர் ஒரு தாள் சுற்றுக்கு விடுவார். நாளைய ஆட்டங்களில் யார் வெல்வார் என்று ஆளாளுக்குக் குறித்து, சின்னதாகப் பந்தயமும் கட்ட வேண்டும். ரென்னிஸ் மட்டையைக் கையால் தொட்டிராத இவர், அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். "பேப்பரை வாசிச்சுச் சொல்லும். உமக்குத்தான் இங்கிலீசும் தெரியும், கணக்கும் தெரியும்."

கணவர் கேட்டால் செய்வதுதானே என்று விளையாட்டுப் பக்கத்தைப் பாடப்புத்தகம் போல வாசித்தேன். அங்கே ஒருவர் தினமும் இன்னார் வெல்வார் என்று அடித்துச் சொல்கிறார். மறுநாள் அது பிழையாகியிருக்கும். ஒரு சமாதானமும் சொல்லாமல் அடுத்ததை எழுதியிருப்பார். எங்கள் ஊரில் சாத்திரம் சொல்பவர் என்றால் வெட்கத்தில் கொஞ்ச நாளைக்குத் தெருவால் போக மாட்டார். ஒரு விஷயம் மட்டும் என் மனதில் தங்கியது. செம்மண் தரையில் யாராலும் அசைக்க முடியாத ஒருவர், புல்தரைக்கு வந்ததும் பெயரறியாத ஒரு பொடியனிடம் தோற்றுப் போகிறார். ஆள் அதே ஆள்தான், கால் வைக்கத்தான் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அதை இரண்டு தரம் வாசித்தேன். அதன்பிறகு செம்மண்காரர்களை எல்லாம் தோற்பவர்களாகக் குறித்தேன். பிறகு பாவமாக இருந்தது; சிலரை மாற்றிக் குறித்தேன். கடைசியில் நான் சொன்னதில் சரிபாதிதான் சரிவந்தது. நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் இவர் மகளைப் பிடித்தார். துளசிக்கு அப்போது மூன்றரை வயது. இரண்டு பெயரை இரண்டு துண்டுத் தாளில் எழுதி மடித்து, "ஒண்டை எடுங்கோ குஞ்சு" என்பார். எங்கள் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதைப் போலவே. சிவப்புப் பூவை ஒரு பொட்டலத்திலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் கட்டிச் சாமி முன்னால் வைத்து, ஒன்றுமறியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூதான் சாமியின் பதில். முதல் சனிக்கிழமை துளசி எடுத்த நான்கு பேரும் வென்றார்கள். மறுநாள் ஹரி ஒரு பெட்டி டோனட்டோடு வந்து கதவைத் தட்டினார். கோயிலில் இப்படி ஒரு வழக்கம் உண்டு, அதை விளையாட்டாக்குவது எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆங்கிலத்தில் அவருக்கு விளங்கப்படுத்தினேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உங்கள் கோயிலில் எந்த விளையாட்டுக்குக் கேட்பார்கள், கிரிக்கெட்டுக்கா?" என்றார். கலியாணத்துக்கும் பயணத்துக்கும் கேட்போம் என்றேன். "ஓ, பெரிய பந்தயங்கள்" என்று தலையாட்டினார். இவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த நாட்களில்தான் துளசி கூப்பிட்டால் திரும்புவதில்லை என்பதைக் கவனித்தேன். தொலைக்காட்சிக்கு முன்னால் முகத்தை ஒட்டிக்கொண்டு இருப்பாள். கதைத்தால் கத்துவாள். குழப்படி என்று நினைத்து இரண்டு தரம் அடித்தும் இருக்கிறேன். அதை இப்போது எழுதவும் கை கூசுகிறது. காது டொக்டர் பார்த்துவிட்டு, செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்கிறது, பிள்ளைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றார். மயக்க மருந்து கொடுத்து இரண்டு காதிலும் சின்னக் குழாய் வைக்கலாம். அல்லது பொறுத்துப் பார்க்கலாம், தானாகவே வற்றவும் நல்ல வாய்ப்பிருக்கிறது. அவர் ஒரு எண்ணும் சொன்னார். எனக்கு அது பிழையாக ஞாபகமிருக்கலாம், எழுதாமல் விடுகிறேன். பிறகு பேனாவை மூடிவிட்டு, "நீங்கள் என்ன செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்டார். "டொக்டர் நீங்கள்தானே?" என்றேன். நான் அவரைச் சந்தேகிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டாராக்கும், சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைத் திரும்பிப் பார்த்தார். ஊரில் டொக்டர் சொல்வார், நாங்கள் செய்வோம். இங்கே கேள்வியையும் என்னிடம் தந்து பதிலையும் என்னிடமே கேட்கிறார்கள். ஒரு கிழமைக்குள் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

செப்டெம்பரில் பிள்ளை பள்ளிக்கூடம் போகப் போகிறாள். ரீச்சர் சொல்வது கேளாமல் ஒரு மூலையில் இருப்பாளே என்று ஒரு பக்கம் பயம். மயக்கத்திலிருந்து எழும்பாவிட்டால் என்று மறுபக்கம். இவர் "உம்மட விருப்பம்" என்றுவிட்டார். வெள்ளிக்கிழமை காலையில் நான் பிளாசாக் கடையில் ஒரு பூக்கொத்து வாங்கினேன். குளித்துவிட்டு வந்து, கைக்கெட்டிய பேப்பரைக் கிழித்து, ஒன்றில் வெள்ளைப் பூவும் மற்றதில் சிவப்புப் பூவும் மடித்துப் பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தேன். வெள்ளை வந்தால் ஒப்பரேஷன். சிவப்பு வந்தால் பொறுப்பது. ரென்னிஸுக்கு அவளைப் பிடித்ததற்காக இவரோடு கோபித்தவள், இதற்கு அவளையே கூப்பிட்டேன்.

துளசி வந்து பார்த்தாள். நான் கிழித்தது விளையாட்டுப் பக்கம். ஒரு பொட்டலத்தின் மேல் மட்டையை ஓங்கியபடி ஒருவர் நின்றார்.

"ஆரும் ஆரும் அம்மா விளையாடுகினம்?" என்று கத்தினாள்.

"ஒருத்தருமில்லை. ஒண்டை எடம்மா."

ஒன்றை எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அதை வைத்துவிட்டு மற்றதை எடுத்தாள். திரும்பவும் என்னைப் பார்த்தாள்.

"இதுவோ வேணும் உங்களுக்கு? சொல்லுங்கோ. அப்பா சொல்லுறவர்தானே."

பின்னேரம் இவர் வந்ததும், பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தோப்பான் எண்டு நான் நினைக்கிற ஆளை உவள் எடுத்தா மற்றதை எடு எண்டு சொல்லுவன். விளையாட்டுக்குத்தானே?" என்றார்.

"நல்ல வடிவாப் பழக்கியிருக்கிறியள். இனிச் சாமியும் உங்கட முகத்தைப் பாத்துத்தான் பதில் சொல்லும்."

"அப்ப நீர் ஏன் பூக்கட்டினனீர், ரீச்சர்?" என்றார்.

அந்தப் பொட்டலங்களை நான் பிரிக்கவில்லை. நான் வெளிநாடு வருவதற்கு முன்பு அம்மாவும் இப்படித்தான், வெள்ளை வந்தால் போவது என்று கட்டினார். பக்கத்து வீட்டுக் குழந்தை எடுத்தது. வெள்ளை வந்தது, வெளிக்கிட்டேன். அம்மா மற்றப் பொட்டலத்தைப் பிரிக்காமல் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு எழும்பினார். இத்தனை நாளும் எனக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. பிள்ளையார் படத்துக்கு முன்னால் நின்றபோதுதான், அம்மா இரண்டிலும் வெள்ளையைத்தான் கட்டினாரோ என்று தோன்றியது. கேட்டு எழுதலாம். கடிதம் போய்ப் பதில் வர இரண்டு மூன்று மாதமாகும். வந்தாலும் அம்மா உண்மை சொல்வாரா? இரண்டும் வெள்ளை என்றால் நான் இங்கே வந்தது யாருடைய விருப்பம்?

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்து, பொறுக்கிறோம் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று துளசியைக் கூப்பிட்டேன். வரவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். யன்னலடியில் முதுகு காட்டி இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். திரும்பப் போன் எடுத்து, செய்யுங்கள் என்றேன். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாக, "நிச்சயமாகச் சொல்கிறீர்களா?" என்று கேட்டாள். "இல்லை. ஆனால் எழுதிக்கொள்ளுங்கள்" என்றேன். ஒரு திகதி சொன்னாள்.

ஒரு காலையில் கொண்டுபோய்ப் பின்னேரம் கூட்டிவந்துவிட்டோம். வரும் வழியெல்லாம் பஸ்ஸின் கதவு திறந்து மூடும்போது திடுக்கிட்டு என் கையைப் பிடித்தாள். பொறுத்திருந்தால் தானாகவே வற்றியிருக்குமோ என்று இப்போதும் சில நேரம் யோசிப்பேன். அதை இனி யாரும் எனக்குச் சொல்ல முடியாது.

அடுத்த சனிக்கிழமை பகல் நியூயோர்க்கில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. இவர் துண்டுத் தாள்களை எடுக்கவில்லை. துளசி வழக்கம்போலத் தொலைக்காட்சிக்குக் கிட்டப் போய் இருந்தாள். உடனே இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்து வந்து என் மடியில் விழுந்தாள்.

"அம்மா, பந்து சத்தம் போடுது!"

கோடை முழுக்க இந்த விளையாட்டைப் பார்த்த பிள்ளை, அந்தச் சத்தத்தை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டாள். இவர் எழும்பிப் போய்ச் சத்தத்தைக் குறைத்தார். வந்து இருக்கவில்லை, யன்னல் பக்கம் திரும்பி நின்றார். திரையில் பார்வையாளர்களைக் காட்டினார்கள். அத்தனை தலையும் ஒன்றாக இடப்பக்கம் போனது, வலப்பக்கம் வந்தது, திரும்ப இடப்பக்கம். துளசியும் அப்படியே தலையை ஆட்டினாள். பிறகு நிறுத்தி, கத்தாமல், அளவான குரலில் கேட்டாள்:

"அம்மா, நாங்கள் எந்தப் பக்கம்?"

பந்து வலைக்கு மேலால் போய்க்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.