ரெண்டாவது கேசட்தான் முதல் இடமா?

போன வியாழக்கிழமை சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில், பூக்கடைக்கு எதிரே, நட்டநடு ரோட்டில் ஒரு கார் நின்றது. பின்னால் மூன்று பஸ். அத்தனையும் ஹாரன்.

ஓட்டியது நான். நிறுத்தியது நான் இல்லை!

இரண்டு தடவை டிரைவிங் டெஸ்ட்டில் ஃபெயில் ஆனவள் நான். மறுநாள் மூன்றாவது டெஸ்ட். அன்று கடைசிப் பாடம். பக்கத்தில் என் டிரைவிங் மாஸ்டர் தேவசகாயம். எங்கள் சர்ச்சுக்காரர். வார இறுதியில் ஒரு பேண்டில் கிட்டார் வாசிக்கிறார். பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். இதுவரை நான்கு கேசட் போட்டிருக்கிறார்கள்.

"அக்கா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. நாலு கேசட்டுக்கும் ரேங்க் போடுங்களேன்."

ரேங்க் கேட்பவர் நம் அபிப்பிராயத்தையா கேட்கிறார்? தன் அபிப்பிராயத்தை நம் வாயால் கேட்க ஆசைப்படுகிறார். இது எனக்கு அப்போது தெரியவில்லை.

"ரெண்டாவதுதான் சார் ஃபர்ஸ்ட்" என்றேன்.

தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தார்.

"ரெண்டாவதா? அதுல நான் வாசிக்கவே இல்லையே! கை ஒடிஞ்சு வீட்ல கிடந்தேன்!"

பஸ் டிரைவர் ஒருவர் இறங்கியே வந்துவிட்டார். அவசரமாக கியர் போட்டுக் கிளம்பினேன்.

"சரி, நாலாவது?" விடவில்லை மனிதர்.

"அது கடைசி சார்."

"ஏன்?"

"முதல் டிராக்ல பதினோரு நிமிஷம் சத்தமே வரலை. டேப் அறுந்துபோச்சுன்னு பென்சிலை விட்டுச் சுத்திட்டேன்."

"அது பில்டப் லா! மெல்ல மெல்லத்தான் ஏறும். கூர்ந்து கேட்டா என் கிட்டார் கேக்கும்."

"யாருக்கு?"

அவ்வளவுதான். சண்டை பிடித்துக்கொண்டது. டோபி காட் சிக்னலிலும் சண்டை. புக்கிட் தீமா ரோடு முழுக்கச் சண்டை. எங்கே திரும்ப வேண்டும் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கடைசியில் புக்கிட் பாத்தோக்கில், புது அடுக்குமாடி பிளாக் ஒன்றின் கீழே, இரண்டு லாரிகளுக்கு நடுவில் காரைப் பின்பக்கமாகச் செருகி நிறுத்திவிட்டு, "மூணாவதுக்கும் இதே கதைதான்!" என்று கத்தினேன்.

அவர் லாரிகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அக்கா… இப்ப பார்க் பண்ணது நீங்களா?"

ஆறு மாதமாக எனக்கு வராத பார்க்கிங்!

மறுநாள் டெஸ்ட். டெஸ்டர் வாயே திறக்கவில்லை. சண்டை இல்லாமல் எனக்குக் கார் ஓடாதே! வேறு வழி? மனசுக்குள் தேவசகாயத்தோடு சண்டையைத் தொடர்ந்தேன். பாஸ்!

வெளியே காத்திருந்தவரிடம் ஓடினேன். நன்றி பொங்கியது. "சார், நாலாவதையே ஃபர்ஸ்ட்னு எழுதிடறேன்!"

அவர் தலையை ஆட்டினார். "வேணாம் அக்கா. ரெண்டாவதுதான் பெஸ்ட். எனக்குத் தெரியாதா என்ன? வீட்ல படுத்துக்கிட்டே கேட்டேன்… அழுகையே வந்துடுச்சு. நல்லா இருந்துச்சேன்னு அழுதேனா, நான் இல்லாம நல்லா இருந்துச்சேன்னு அழுதேனா… இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

காரில் ஏறி இரண்டாவது கேசட்டைப் போட்டார். இருவரும் முழுசாகக் கேட்டோம். டாஷ்போர்டில் விரலால் தாளம் போட்டார். தாளம் கொஞ்சம் முன்பின்னாகத்தான் இருந்தது.

அதற்கு நான் ரேங்க் போடவில்லை. லைசென்ஸ் கைக்கு வந்ததும் மனிதருக்கு ஒரு நிதானம் வந்துவிடுகிறது, இல்லையா?