கோழிக்கம்பியில் ஏறிய மொரிஸ் மைனர்

வெயில் ஏறினால் எங்கள் மொரிஸ் மைனர் காருக்குள் தார் மணக்கும். பின் சீட்டில் தங்கச்சியோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, கார் என்றால் இப்படித்தான் மணக்கும் என்று நம்பி அதை ஆசையாக முகர்ந்திருக்கிறேன். அது அடித்தட்டின் ஓட்டையை மறைக்கப் பூசிய தார் என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தக் காரை வாப்பாவுக்கு விற்றவர், கல்முனையில் எங்கள் தெருமுனையில் பேக்கரி வைத்திருந்த ஹாஜியார். பெயரை எழுதி என் பேனாவை அழுக்காக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த கையோடு, பள்ளிவாசல் மதிலோரம் வைத்துத்தான் காரைக் காட்டினார். வெள்ளைச் சாரனும் அத்தரும் தொப்பியுமாக நிற்கிற மனிதன் மணலில் மல்லாந்து படுத்துக் காரின் வயிற்றைப் பார்க்க மாட்டான் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். "வல்லாஹி, அடித்தட்டு கல்லு மாதிரிக் கிடக்கு" என்று சத்தியம் செய்தார். தொழுதுவிட்டு வந்த வாய் என்று வாப்பா நம்பிவிட்டார்.

சம்மாந்துறையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது அந்தத் தட்டு பிளந்தது. உம்மாவின் கால் ரோட்டில் உரசிக் கிழிந்தது. புண் ஆறிய பிறகும் உம்மா நொண்டித்தான் நடந்தார். நியாயம் கேட்கப் பேக்கரிக்குப் போன வாப்பாவை, பணிஸ் வாங்க நின்ற அத்தனை பேரின் முன்னால் ஹாஜியார் அவமானப்படுத்தினார்: "நெல்லு மூட ஏத்திக் காரை உடச்சிப்போட்டு, இப்ப என்னில பழி போட வந்திரிக்கான்."

ஊர் சிரித்தது. வாப்பாவுக்கு "நெல்லுமூட", அதாவது நெல் மூட்டை, என்று பட்டம் விழுந்தது. காரை இரும்பு விலைக்குத் தள்ளிவிட்ட பிறகும் பட்டம் போகவில்லை. அவர் மவுத்தாகி அடக்கம் நடந்த அன்று ஜனாஸா வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்குக்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் கைகாட்டினார்கள். "பொறு மகன், அல்லாஹ் பாத்துக்குவான்" என்றார் உம்மா. ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவே இல்லை.

பிறகு வளைகுடாவில், கட்டாரில், பழைய கார்களைப் புதுப்பிக்கும் கராஜ் ஒன்றில் வெல்டிங் வேலை செய்தேன். காரின் உடலை முன்னும் பின்னும் கவ்விப் பிடித்து, வேண்டிய பக்கத்துக்குச் சுழற்றித் தரும் இரும்புச் சட்டத்தை அங்கேதான் பார்த்தேன். ஊர் திரும்பி அதுபோல ஒன்றைச் செய்து என் கராஜில் நிறுத்தினேன். கடை வாசலில் கோழி சுழன்று வேகிற ஞாபகத்தில், என்னிடம் வேலை செய்பவர்கள் அதற்குக் "கோழிக்கம்பி" என்று பெயர் வைத்தார்கள். ஓர் அரிசி ஆலையின் பின்னால் துருவேறிக் கிடந்த எங்கள் காரைத் தேடிப்பிடித்து வாங்கி, எஞ்சினைக் கழற்றிவிட்டுக் கோழிக்கம்பியில் ஏற்றினேன்.

வயிற்றை மேலே திருப்பித் தாரைச் சூடுகாட்டிச் சுரண்டினால், பிளவின் ஓரத்தில் இன்னும் பிடித்திருந்த ஒட்டுத்தகரத்தில் மஞ்சள் எழுத்து: "சுடச்சுட பணிஸ்." ஹாஜியாரின் பேக்கரி வாசலில் தொங்கிய பழைய பெயர்ப்பலகை! ஓட்டையின் அளவுக்கு வெட்டி ஒட்டியிருக்கிறார் மனிதர். நான் வாய்விட்டுச் சிரித்தேன். கராஜ் கதவை அகலத் திறந்து, அந்த எழுத்து ரோட்டைப் பார்க்கும்படி காரைச் சாய்த்து நிறுத்தினேன். பெரியவர்கள் எல்லோருக்கும் அந்தப் பலகையைத் தெரியும். "நெல்லு மூட ஏத்தினா பணிஸ் தகரம் முளைக்குமா?" என்று தேத்தண்ணிக் கடைகளில் கேட்கத் தொடங்கினார்கள். அந்தக் கேள்வி என் காதுக்குத் தேனாக இருந்தது.

கடைசியில் ஹாஜியாரே பொல்லூன்றி வந்தார்.

"எனக்கு வயசு போயிட்டு மகன். ஹலாலாக்கி மன்னிச்சிடு. அந்தத் தகரத்த வெட்டி எறி."

"வாப்பாவப் பத்திச் சொன்னது பொய்யெண்டு ஜும்ஆ முடிய எல்லாருக்கும் முன்னால சொல்லுங்க ஹாஜியார். மறுகா கதைப்பம்."

அவர் பொல்லைத் தட்டிக்கொண்டு திரும்பிப் போனார்.

தெருமுனையில் இன்று பேக்கரி இல்லை. கைத்தொலைபேசிக் கடை இருக்கிறது. மணல் ஒழுங்கை கொங்கிரீட்டாகிவிட்டது. "நெல்லுமூட" என்ற பெயரும் ஊர் வாயிலிருந்து மெல்ல மெல்லப் போய்விட்டது. காரின் மற்ற இடமெல்லாம் புதுத் தகரம் வைத்து வெல்ட் பிடித்தாயிற்று. அந்த ஒட்டுத்தகரத்தை மட்டும் நான் தொடவில்லை, காரைக் கீழே இறக்கவும் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து ஹாஜியார் என் கராஜைத் தவிர்த்து, கடற்கரை ரோட்டால் சுற்றித்தான் வீட்டுக்குப் போகிறாராம். தூரம்தான். நடக்கட்டும்.